மடை அடைபட்டபோது

2024ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளி. மாலைச் சிலுவைப்பாதை முடிந்து நாம் அறைக்குத் திரும்பியபோது, நம் பங்கின் உபதேசியாருடைய மூத்த மகன் வாசலில் காத்து நின்றார். கையில் மருத்துவமனைக் கோப்பு ஒன்று இருந்தது.

"சாமி, அப்பாவுக்குப் பித்தக்குழாயில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். அறுத்து எடுக்க முடியாதாம். வாய் வழியாகக் கருவியை விட்டுக் குழாய் வைக்கலாம் என்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய் ஒன்று, உலோகக் குழாய் ஒன்று, சூடு வைப்பது ஒன்று, ஒளி பாய்ச்சுவது ஒன்று என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் சொல்வதைச் செய்கிறோம்" என்றார்.

'நீங்கள் சொல்வதைச் செய்கிறோம்' என்பது ஒரு பங்குத்தந்தை கேட்கக்கூடிய சொற்களிலேயே மிகவும் ஆபத்தானது. நம்மிடம் இல்லாத அறிவை அது நம் தலையில் ஏற்றி வைத்துவிடுகிறது. அன்று மாலை நாமும் அதை ஏற்றுக்கொண்டோம். குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் பயின்ற பாடம் நினைவுக்கு வந்தது. உயிரைக் காக்க இயல்பான வழிகளைக் கையாளக் கடமை உண்டு. இயல்பு கடந்த வழிகளைக் கையாளக் கடமை இல்லை. நோயாளிக்கு வயது எழுபத்திரண்டு. அறுவைக்கு வழியில்லாத புற்று. சிறு நிலத்தைத் தவிர வேறு சொத்தில்லாத குடும்பம். கணக்கு எளிதாகவே தோன்றிற்று. "வேண்டாம் தம்பி. நிலத்தை விற்று அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம். குழாய் வைத்தாலும் நோய் போகப்போவதில்லை. வீட்டிலேயே அன்போடு பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் நற்கருணையோடு வருகிறோம்" என்று கூறி அனுப்பினோம். அவரும் "சரி சாமி" என்று தலையசைத்துப் போனார். அன்றிரவு நாம் நன்றாகவே உறங்கினோம்.

அந்த உறக்கத்தைக் குறித்து நமக்கு இன்றும் வெட்கம் உண்டு.

மறுநாள் காலையில் நற்கருணையும் நோயில் பூசும் எண்ணெயுமாக அவ்வீட்டுக்குச் சென்றோம். உபதேசியார் திண்ணையில் அமர்ந்திருந்தார். கண்ணும் உடலும் மஞ்சள் பூத்து, அந்த மஞ்சளிலும் ஒரு பச்சை படர்ந்திருந்தது. மூன்று வாரங்களாகக் கீழாநெல்லி அரைத்துக் குடித்திருக்கிறார். பக்கத்து ஊரில் காமாலைக்கு மந்திரித்தும் பார்த்திருக்கிறார்கள். நம்மைத் திடுக்கிடச் செய்தது மஞ்சள் நிறமன்று. இரு முன்கைகளிலும் வயிற்றிலும் நகம் கீறிய சிவப்புக் கோடுகள். நகங்களை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள்; ஆகவே அவர் ஒரு மரச்சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நம்மோடு பேசும்போதே, தாம் செய்வதை அறியாமலே சொறிந்துகொண்டிருந்தார்.

"உறங்கிப் பதினொரு இரவு ஆகிறது சாமி" என்றார் அவர் துணைவியார்.

உபதேசியார் சிரிக்க முயன்றார். "சாவுக்கு நான் அஞ்சவில்லை சாமி. எத்தனை பேருக்கு நல்ல மரண செபம் சொல்லியிருக்கிறேன்! ஆனால் இந்த அரிப்பு என்னைச் செபிக்க விடுவதில்லை. பரலோக மந்திரத்தைக்கூடப் பாதியில் விட்டுவிடுகிறேன். எங்கே விட்டேன் என்பதும் மறந்துபோகிறது" என்றார்.

முப்பத்தொரு ஆண்டுகள் நம் பங்கின் குழந்தைகளுக்கு அச்செபத்தைக் கற்பித்த மனிதர் அவர். நோயில் பூசுதலை நிறைவேற்றினோம். எண்ணெய் தொட்ட நெற்றியையும் அவர் அடுத்த கணமே சீப்பால் தேய்த்தார். குழாய் வேண்டாம் என்று முந்திய மாலை நாம் தீர்ப்புச் சொன்னது இந்த உடலைப் பாராமலே அல்லவா? அதை அவருடைய மகனிடம் அங்கேயே ஒப்புக்கொண்டோம். திங்களன்று அவர்களோடு நாமும் மருத்துவமனைக்குச் செல்வதென்று முடிவாயிற்று.

அங்கே எங்களைச் சந்தித்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. பேச்சில் அவசரம் இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, வெள்ளைத்தாளில் கிளை பிரிந்த ஒரு மரத்தைத் தலைகீழாக வரைந்தார். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், வலமும் இடமுமாக இரு கிளைக் குழாய்களில் இறங்கி, ஒரே குழாயாகச் சேர்ந்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் சென்று விழுகிறது. கிளைகள் கூடும் கவட்டில்தான் உபதேசியாருக்குப் புற்று. இவ்விடத்துப் புற்றைப் பற்றி ஜெரால்ட் கிளாட்ஸ்கின் என்னும் அமெரிக்க மருத்துவர் 1965-இல் விரித்து எழுதியதால், அவர் பெயராலேயே இதை அழைப்பதுண்டு. கல்லீரலுக்குச் செல்லும் தமனியும் பெருஞ்சிரையும் அக்கவட்டை ஒட்டியே ஓடுகின்றன. புற்று இருபுறமும் அவற்றைப் பற்றிக்கொண்டதால் கத்தி வைக்க இடமில்லை. வழி அடைபட்ட பித்தநீர் பின்னோக்கித் தேங்கி இரத்தத்தில் கலக்கிறது. கண் மஞ்சளாவதும், சிறுநீர் கறுப்பதும், மலம் வெளுப்பதும், உடலெங்கும் அரிப்பெடுப்பதும் அதனால்தான்.

உபதேசியார் உடனே புரிந்துகொண்டார். "மடை அடைபட்டால் குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகாமல் கரையைத் தாண்டி ஊருக்குள் வரும். அதுதானே அம்மா?" என்றார். மருத்துவர் புன்னகைத்து, "அதேதான் ஐயா. நாங்கள் செய்யப்போவது மடையைத் திறப்பது மட்டுமே. அடைத்த பாறையை எங்களால் அகற்ற முடியாது" என்றார்.

பிறகு அதே தாளில் நான்கு கட்டங்களை வரைந்தார். அவர் சொல்லியதையும், பின்னர் நாம் கேட்டும் படித்தும் அறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம். நம் குடும்பங்களில் யாருக்கேனும் இப்படியொரு நாள் வரும்போது இது உதவக்கூடும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே வழிதான். மயக்கநிலையில் நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, வாய் வழியாக எண்டோஸ்கோப் என்னும் வளையும் கருவியைச் சிறுகுடல்வரை செலுத்துவர். பித்தக்குழாய் திறக்கும் சிறு முகட்டைக் கண்டுபிடித்து, அதனுள் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பர். பின்பு மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பினூடே நுழைத்து, அக்கம்பியின் மேலாகக் குழாயை ஏற்றுவர். அம்முகட்டுக்குள் எண்டோஸ்கோப் வழியே முதன்முதலாக நுழைந்த செய்தி 1968-இல் வாஷிங்டனிலிருந்து வெளிவந்தது. அதன் வாயை மின்கம்பியால் சற்றே கீறி அகலப்படுத்தும் முறையை 1974-இல் ஜப்பானியரும் ஜெர்மானியரும் தனித்தனியே அறிவித்தனர். இந்தோனேசியாவில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய நிப் சோகேந்திரா, இவ்வழியே பித்தக்குழாயில் பிளாஸ்டிக் குழாய் வைக்கும் முறையை 1980-இல் வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் வயிற்றைத் திறந்தோ விலாப்புறத்தில் ஊசியால் துளைத்தோதான் தேங்கிய பித்தத்துக்கு வழி செய்ய வேண்டியிருந்தது.

முதற்கட்டம் பிளாஸ்டிக் குழாய். அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். விலை குறைவு. வேண்டாதபோது வெளியே எடுத்துவிடலாம். ஆனால் நுண்கிருமிகள் உட்சுவரில் படலமாகப் படிந்து, பித்தக் கசடும் சேர்ந்து, ஏறத்தாழ மூன்று மாதங்களில் குழாய் அடைபடும். அப்போது குளிர்காய்ச்சல் வரும். குழாயை மாற்ற வேண்டும்.

இரண்டாம் கட்டம் உலோக வலைக்குழாய். மெல்லிய உறைக்குள் சுருங்கி நுழைந்து, உள்ளே விரிந்து எட்டு முதல் பத்து மில்லிமீட்டர்வரை வழி திறக்கும். பலவற்றை நிட்டினால் என்னும் உலோகக் கலவையால் செய்கிறார்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்த அது, அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. அந்த ஆய்வுக்கூடத்தின் ஆங்கில முதலெழுத்துகளே பெயரின் பிற்பகுதியாக நிற்கின்றன. வாள் கொழுவாக மாறும் நாளைக் கண்ட எசாயா இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார். ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், 105 நோயாளரிடையே, உலோகக் குழாய் இடைநிலையாக 273 நாள்கள் திறந்திருந்தது. பிளாஸ்டிக் குழாய் 126 நாள்கள். ஆனால் நோயாளர் வாழ்ந்த காலத்தில் இரு பிரிவினரிடையேயும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருத்துவர் இதை இருமுறை சொன்னார். "உலோகம் ஆயுளை நீட்டுவதில்லை, மருத்துவமனைக்கு வரும் தடவைகளைக் குறைக்கிறது. அந்த ஆய்வும் குழாயின் கீழ்ப்பகுதி அடைப்பைப் பற்றியது. உங்கள் அப்பாவுக்கு அடைப்பு மேலே, கவட்டில். இங்கே ஒரு கிளையைத் திறந்தால் போதாமல் போகலாம்." கல்லீரலின் பாதிக்கு மேற்பட்ட பகுதிக்கு வழி கிடைத்தால்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது என்று 2010-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். திறக்க முடியாத கிளையில் சாயத்தைச் செலுத்தினால் அங்கே நோய்த்தொற்று வரும். ஆகவே படத்தைப் பார்த்து முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அத்தோடு, உறையில்லாத வலைக்குழாயில் புற்றே கண்களுக்கிடையே வளர்ந்து புகும். அதைத் திரும்ப எடுப்பதும் அரிது.

மூன்றாம் கட்டம் ஒளிச் சிகிச்சை. ஒளியை ஈர்க்கும் மருந்தொன்றை ஊசியால் செலுத்தி, இரு நாள் கழித்து, நூல்போன்ற கண்ணாடி இழையால் பித்தக்குழாய்க்குள் செந்நிற ஒளியைப் பாய்ச்சுவர். மருந்தேறிய புற்றணுக்கள் அவ்வொளியில் அழியும். பிறகு குழாய் வைப்பர். 2003-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 39 பேரில், ஒளியும் குழாயும் பெற்றவர்கள் இடைநிலையாக 493 நாள்களும், குழாய் மட்டும் பெற்றவர்கள் 98 நாள்களும் வாழ்ந்தனர். ஆனால் 92 பேரைக் கொண்ட பிரித்தானிய ஆய்வு 2018-இல் நேர்மாறாகச் சொல்லிற்று. ஒளி பெற்றவர்கள் 6.2 மாதங்கள், குழாய் மட்டும் பெற்றவர்கள் 9.8 மாதங்கள். பிந்தியவர்களில் அதிகம் பேர் பின்னர் மருந்துச் சிகிச்சையும் பெற்றிருந்தனர். மேலும், இம்மருந்தைப் பெற்றவர் நான்கு முதல் ஆறு வாரங்கள் வெயில் மேலே படாமல் இருக்க வேண்டும். உபதேசியார் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "நம் ஊரில் வெயில் படாமல் இருக்கக் கல்லறையில்தான் இடம் உண்டு" என்றார். மருத்துவரும் சிரித்துவிட்டார். அச்சிகிச்சைக்கான வசதி அம்மருத்துவமனையில் இல்லை.

நான்காம் கட்டம் சூட்டுச் சிகிச்சை. அடைப்புக்குள் ஒரு மெல்லிய கம்பிக்குழாயை நிறுத்தி, வானொலி அலை மின்சாரத்தால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் சூடேற்றிப் புற்றைக் கருக்குவர். அதன்பின் குழாய் வைப்பர். 2011-இல் லண்டன் மருத்துவர்கள் 22 நோயாளரிடம் செய்து, செய்யத்தக்கது என்று அறிவித்தனர். சீனாவிலிருந்து 2018-இல் வந்த ஆய்வில், 65 பேரிடையே, சூடு பெற்றவர்கள் 13.2 மாதங்களும் பெறாதவர்கள் 8.3 மாதங்களும் வாழ்ந்தனர். 2021-இல் அங்கிருந்தே 174 பேரிடம் செய்த ஆய்வு 14.3, 9.2 என்று கூறிற்று. சூடு பெற்றவர்களில் சிலருக்குப் பித்தப்பை அழற்சி வந்தது. ஆனால் 2023-இல் வெளிவந்த செக் நாட்டு ஆய்வில், 161 பேரிடையே, சூடு வைத்ததால் ஆயுள் கூடவில்லை. அக்கருவி அம்மருத்துவமனையில் இருந்தது. "இருந்தும் உங்கள் அப்பாவுக்கு இதை முதலில் சொல்லமாட்டேன். கவட்டின் அருகே பெரிய இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. ஆய்வுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன" என்றார் மருத்துவர். தம்மிடம் உள்ள கருவியை வேண்டாம் என்று சொல்லக்கூடிய மருத்துவரை நம்பலாம் என்று நமக்கு அப்போது தோன்றிற்று.

இவையெதுவும் இயலாதபோது, இரைப்பைச் சுவரின் வழியாகவே கல்லீரலுக்குள் வழி அமைக்கும் முறையும், விலாப்புறத்தில் துளைத்துப் பை தொங்கவிடும் முறையும் உண்டு என்று தாளின் ஓரத்தில் குறித்தார். எந்த முறையானாலும், நூற்றில் சிலருக்குக் கணைய அழற்சியோ இரத்தப்போக்கோ நோய்த்தொற்றோ வரும் என்பதையும் மறைக்கவில்லை.

மூத்த மகன் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் அப்பாவுக்கு எட்டு மாதமா, பதினான்கு மாதமா?" என்று கேட்டார். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "இடைநிலை என்றால், பாதிப்பேர் அதற்கு முன்பும் பாதிப்பேர் அதற்குப் பின்பும் இறந்தார்கள் என்று பொருள். அது யாருக்கும் எழுதப்பட்ட தேதியன்று. ஒரு நாட்டு எண்ணை மற்றொரு நாட்டு எண்ணோடு நேரே ஒப்பிடவும் கூடாது. ஆய்வில் சேர்ந்தவர்கள் வேறு வேறு நிலையில் இருந்தவர்கள். எந்த ஆய்விலும் உங்கள் அப்பா இல்லை" என்றார்.

பிறகு, நம் முதல் தீர்ப்பை முழுவதுமாகக் கவிழ்த்த ஒரு செய்தியைச் சொன்னார். இப்புற்றுக்கு நரம்பில் ஏற்றும் மருந்துகள் உண்டு. 2010-இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில், 410 பேரிடையே, இரு மருந்துகள் சேர்த்துப் பெற்றவர்கள் இடைநிலையாக 11.7 மாதங்களும், ஒன்றே பெற்றவர்கள் 8.1 மாதங்களும் வாழ்ந்தனர். 2022 முதல் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தொன்றையும் அவற்றோடு சேர்த்துத் தருவதுண்டு. ஆனால் காமாலை இறங்காமல் இம்மருந்துகளைத் தொடங்க இயலாது. உபதேசியாருக்குப் பிலிரூபின் அளவு அன்று 19. நலமானவர்களுக்கு அது ஏறத்தாழ ஒன்று. ஆக, 'குழாய் வைத்தாலும் நோய் போகப்போவதில்லை' என்று நாம் தள்ளிவிட்ட அதே குழாய், அரிப்பு நிற்பதற்கு மட்டுமன்றி, மற்றச் சிகிச்சைகளுக்கும் வாசலாக இருந்தது. வாசலை மூடிவிட்டு வீட்டுக்குள் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறோம்.

அதுவரை யாரும் உபதேசியாரிடம் ஒன்றைக் கேட்கவில்லை. மருத்துவர் கேட்டார். "ஐயா, உங்களுக்கு என்ன வேண்டும்?"

அவர் சற்று யோசித்தார். "மே மாதம் எங்கள் பங்கில் புதுநன்மை. இருபத்தாறு பிள்ளைகள். பாதிப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மீதியையும் முடிக்க வேண்டும். இரவில் உறங்க வேண்டும். நிலத்தை விற்கக் கூடாது" என்றார்.

அந்த மூன்று விருப்பங்களும் அத்தாளின் அடியில் எழுதப்பட்டன. அவற்றை வைத்துத்தான் நான்கு கட்டங்களையும் ஒப்பிட்டோம். முதலில் இரு கிளைகளுக்கும் பிளாஸ்டிக் குழாய்கள். திசுப் பரிசோதனை முடிவும் அறுவை மருத்துவர்களின் இறுதிச் சொல்லும் வருமுன் திரும்ப எடுக்க முடியாத உலோகத்தை வைக்கலாகாது. முடிவு உறுதியானபின், உடல் தாங்கினால், உலோகம். காமாலை இறங்கினால் மருந்து. ஒளியும் சூடும் வேண்டாம். வீட்டார் இரு பசுக்களை விற்றனர். அன்பியத்தார் கூடி ஒரு தொகை சேர்த்தனர். நிலம் நிலைத்தது.

குழாய் வைத்த நான்காம் நாள் அரிப்பு தணியத் தொடங்கிற்று. பத்தாம் நாள் அவர் துணைவியார் கோயில் முற்றத்தில் நம்மைக் கண்டு, "நேற்றிரவு குறட்டை விட்டார் சாமி" என்று கண்ணீரோடு சொன்னார். குறட்டைக்காக ஒருவர் நன்றி கூறி நாம் கேட்டது அதுவே முதல் தடவை. பாஸ்காவுக்குப் பின் மருந்து தொடங்கிற்று. மருந்தேறாத வாரங்களில் அவர் நாற்காலியில் அமர்ந்து பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தினார்.

மே மாத நடுவில், ஒரு சனிக்கிழமை, உடல் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல். குழாய் அடைபட்டிருந்தது. எச்சரிக்கையை நினைவில் வைத்திருந்த மகன் காலைவரை காத்திராமல் இரவோடிரவாக மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்; அதுதான் உயிரைக் காத்தது. தொற்றுக்கு மருந்து தந்து, அறுவைக்கு வழியில்லை என்பதும் உறுதியாகிவிட்டதால், இம்முறை இரு உலோகக் குழாய்களை வைத்தார்கள். மாதக் கடைசி ஞாயிறன்று, இருபத்தாறு பிள்ளைகளும் நற்கருணை வாங்கியபோது, உபதேசியார் பீடத்தின் பக்கத்தில் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் 'ஆமென்' சொல்லும்போது அவர் உதடும் அசைந்ததைக் கண்டோம்.

ஆகஸ்டுக்குப் பின் நோய் கல்லீரலுக்குள் பரவிற்று. மருந்து நிறுத்தப்பட்டது. அக்டோபரில் மஞ்சள் மீண்டும் ஏறியபோது, விலாப்புறத்தில் துளைத்து இன்னொரு வழி செய்து பார்க்கலாம். பலன் சிறிதே இருக்கும் என்று மருத்துவர் மறைக்காமல் கூறினார். பிள்ளைகள் நம்மை நோக்கினர். நாம் உபதேசியாரை நோக்கினோம்.

"வேண்டாம் சாமி. போன முறை மடை அடைபட்டிருந்தது. இப்போது மடையில் கோளாறு இல்லை. குளமே வற்றிவிட்டது" என்றார் அவர்.

மருத்துவரும் அதையே எண்ணியிருந்தார். அரிப்புக்கும் வலிக்கும் மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பினார். நவம்பர் மாதம், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள் கழிந்த அடுத்த வாரத்தில், பிள்ளைகள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் அமைதியாக உயிர் நீத்தார்.

பிப்ரவரியில் நாம் சொன்னதும் 'வேண்டாம்' என்பதே. அக்டோபரில் அவர் சொன்னதும் 'வேண்டாம்' என்பதே. ஆனால் நம் சொல், நோயாளியைக் காணாமலும், சிகிச்சை என்ன செய்யும் என்று அறியாமலும், அவர் எதற்காக வாழ விரும்புகிறார் என்று கேளாமலும் பிறந்தது. அவர் சொல் இம்மூன்றும் நிறைவேறியபின் பிறந்தது. நாம் பயின்ற பாடத்திலும் குறையில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையிலேயே, எது இயல்பான வழி என்பது ஆளையும் இடத்தையும் காலத்தையும் சூழலையும் பொறுத்தது என்று காட்டியிருந்தார். 1980-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும், சிகிச்சையின் தன்மை, கடினம், செலவு ஆகியவற்றை, எதிர்பார்க்கும் பலனோடும் நோயாளியின் உடல், உள வலிமையோடும் சீர்தூக்கச் சொல்கிறது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். சீர்தூக்குவதற்கு முதலில் தட்டில் வைக்க ஒரு மனிதர் வேண்டும் என்பது மட்டும் நமக்கு எட்டவில்லை.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்தில் இப்படியொரு நோய் வந்தால் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். அடைப்பு எந்த இடத்தில், கல்லீரலில் எவ்வளவு பகுதிக்கு வழி கிடைக்கும்? அறுவை இயலாது என்பது முற்றிலும் உறுதியா? இக்குழாய் எவ்வளவு காலம் திறந்திருக்கும், அடைபட்டால் அடையாளம் என்ன? இதனால் அடுத்து எந்தச் சிகிச்சைக்கு வழி திறக்கும்? இவற்றுக்கெல்லாம் முன்பாக, நோயாளியிடமே, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கண் மஞ்சளானால் மூன்று வாரம் காத்திராதீர்கள்.

அந்த வெள்ளைத்தாள் நம் திருப்புகழ்மாலைப் புத்தகத்தினுள் இன்றும் இருக்கிறது. மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டது. நான்கு கட்டங்களின் மை மங்கிவிட்டது. அடியில் எழுதிய மூன்று விருப்பங்கள் இன்னும் தெளிவாகவே தெரிகின்றன. இப்போதும் மாலை வேளைகளில் கோப்போடு யாரேனும் வாசலில் வந்து, 'நீங்கள் சொல்வதைச் செய்கிறோம் சாமி' என்று கூறுவதுண்டு. நாம் உடனே ஒன்றும் சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, முதலில் அவர்களோடு வீட்டுக்குப் புறப்படுகிறோம்.